நினைவுக்கு எத்தனை வாசல்கள்?

நரம்பறிவியலை அறிமுகப்படுத்தும் மூன்று நூல்களை முன்வைத்து

நரம்பறிவியலுக்குள் நுழைய விரும்பும் இலக்கிய வாசகருக்கு நம் சூழலில் வழக்கமாகக் கைகாட்டப்படும் நூல்கள் இரண்டு. ஒன்று, ஆலிவர் சாக்ஸ் 1985இல் வெளியிட்ட 'த மேன் ஹூ மிஸ்டுக் ஹிஸ் வைஃப் ஃபார் எ ஹாட்'. மற்றது, வி.எஸ். ராமச்சந்திரன் அறிவியல் எழுத்தாளர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து 1998இல் எழுதிய 'ஃபேண்டம்ஸ் இன் த பிரெய்ன்'. இரண்டுமே அருமையான புத்தகங்கள். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. படித்தவர் பத்துப் பேரிடமாவது அந்தக் கதைகளைச் சொல்லாமல் இருக்கமாட்டார். எனக்கும் அவை பிடித்தவைதான்.

ஆனால் அவற்றைப் படித்த நண்பர்களோடு பேசும்போது ஒன்றைக் கவனிக்கிறேன். மனைவியின் தலையைத் தொப்பி என்று எடுக்கப்போனவரின் கதை அவர்களுக்கு நினைவிருக்கிறது. இல்லாத கையில் வலி வந்தவரின் கதையும் நினைவிருக்கிறது. 'சரி, அது அப்படித்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?' என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. விசித்திரமான நோயாளிகள், அவர்களைப் புரிந்துகொண்ட புத்திசாலி மருத்துவர்கள், இவ்வளவுதான் நரம்பறிவியல் என்று ஒரு சித்திரம் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அது அந்தத் துறையின் ஒரு கிளை மட்டுமே. மற்ற கிளைகள் வேறு கேள்விகளைக் கேட்கின்றன, வேறு கருவிகளை வைத்திருக்கின்றன, சில சமயம் இந்தக் கதைகளையே பொய்யாக்குகின்றன.

அதனால் மூன்றாவதாக ஒரு நூலை இங்கே சேர்க்கிறேன். எரிக் கேண்டல் 2006இல் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் மெமரி'. மற்ற இரண்டைப் போல இது ஓட்டமாகப் படிக்கக்கூடியதல்ல. ஆனால் ஒரு தொடக்க வாசகருக்கு எது முக்கியமோ அது இதில்தான் இருக்கிறது என்பது என் தரப்பு.

சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

முதலில் 'நரம்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 'நரம்புல ஊசி போட்டாங்க' என்கிறோம். அது சிரை, இரத்தக் குழாய். கோபத்தில் ஒருவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. அதுவும் இரத்தக் குழாய்தான். வெற்றிலைக்கு நரம்பு உண்டு. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சங்கப் பாடல்களில் நரம்பு என்றால் யாழின் தந்தி. வேடிக்கை என்னவென்றால், 'நியூரான்' என்ற சொல் பிறந்த கிரேக்க மொழியிலும் அதற்குத் தசைநார், வில்லின் நாண் என்றெல்லாம்தான் பொருள். இழுத்துக் கட்டிய கயிறு போன்ற எதையும் இரண்டு சமூகங்களும் ஒரே சொல்லால் அழைத்திருக்கின்றன.

மருத்துவமனைப் பலகையில் இருக்கும் 'நரம்பியல்' நோயைக் குணப்படுத்தும் மருத்துவப் பிரிவு. நான் இங்கே நரம்பறிவியல் என்று சொல்வது அதைவிட அகலமானது. அதற்கு நோயாளி வேண்டுமென்பதில்லை. மனிதன்கூட வேண்டுமென்பதில்லை. ஒரு புழு போதும்.

இன்னொரு சின்ன உதாரணம். மனித மூளையில் எத்தனை நரம்பணுக்கள்? பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் 10,000 கோடி என்று எழுதிவந்தன. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, யாரும் முறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ ஹூசெல் மூளைத் திசுவை அப்படியே கரைத்து ஒரு கலவையாக்கி, அதில் மிதக்கும் அணுக்கருக்களைச் சாயமேற்றி எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். 2009இல் அவர் குழு வெளியிட்ட எண் ஏறத்தாழ 8,600 கோடி. எண் என்ன என்பதைவிட, அது எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறிமுக நூல் ஒன்று நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான். மூளையைப் பற்றிய முடிவுகளை மட்டும் சொல்கிறதா, அந்த முடிவுக்கு வந்த வழியையும் காட்டுகிறதா?

சாக்ஸ்: ஆளைப் பார்த்த மருத்துவர்

சாக்ஸின் பெரிய சாதனை, நோயாளியை மறுபடி ஓர் ஆளாக்கியது. டாக்டர் பி. என்று அவர் அழைக்கும் இசைக்கலைஞருக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது, பார்ப்பது என்னவென்றுதான் தெரிவதில்லை. கையுறையைக் கொடுத்தால் அதன் வடிவத்தைக் கணக்கு வாத்தியார் போல விவரிக்கிறார், அது கையில் மாட்டுவது என்று மட்டும் தெரியவில்லை. ரோஜாவை முகர்ந்த பிறகுதான் ரோஜா என்கிறார். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாவற்றையும் பாடிக்கொண்டே செய்கிறார், பாட்டு நின்றால் எல்லாம் நின்றுவிடுகிறது. படித்து எத்தனை வருஷமானாலும் அந்த மனிதர் நம்மோடு இருப்பார்.

ஆனால் அறிமுக நூலாக எடுத்தால்? டாக்டர் பி.யின் மூளையில் இருந்தது கட்டியா, தேய்வா என்பதுகூட உறுதியாகாமலே கதை முடிகிறது. பார்த்தவர் ஒருவர், எழுதியவரும் அவரே. சரிபார்க்க வேறு ஆள் இல்லை. அதே நூலில் பெரிய பெரிய பகா எண்களைச் சொல்லி விளையாடும் இரட்டையரின் கதை வருகிறது. தாம் ஒரு புத்தகத்திலிருந்து எடுத்துப்போய் அவர்கள் விளையாட்டில் சேர்ந்துகொண்டதாக சாக்ஸ் எழுதுகிறார். அவ்வளவு பெரிய பகா எண்கள் கொண்ட பட்டியல் அப்படி ஒரு புத்தகத்தில் இருந்திருக்க முடியுமா என்று பின்னால் ஆய்வாளர்கள் கேட்டார்கள். சாக்ஸ் தம் நோயாளிகளை இலக்கிய வாழ்க்கையாக மாற்றிக்கொண்டார் என்று பிரிட்டனின் டாம் ஷேக்ஸ்பியர், அவரே மாற்றுத்திறனாளி, அந்தப் புகழ்பெற்ற தலைப்பையே திருப்பிப் போட்டுக் குத்தினார். 2025இல் 'த நியூயார்க்கர்' இதழில் ரேச்சல் அவீவ் எழுதிய நீண்ட கட்டுரை, நோயாளிகளின் கதைகளில் தம் கற்பனையைக் கலந்தது குறித்து சாக்ஸே தம் குறிப்பேடுகளில் குற்ற உணர்வோடு எழுதியிருந்ததை வெளிக்கொண்டுவந்தது.

இதற்காக சாக்ஸைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் அவரை எந்த அலமாரியில் வைப்பது என்று முடிவுசெய்தாக வேண்டும். மருத்துவரின் கவனத்தையும் கருணையையும் கற்க அவர் நல்ல ஆசிரியர். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி சொல்ல அவரை அழைக்கும்போது, கூடவே இன்னொரு சாட்சியும் தேவைப்படுகிறது.

ராமச்சந்திரன்: பஞ்சுக் குச்சியும் கண்ணாடியும்

ராமச்சந்திரன் நம் ஊரில் பிறந்தவர், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு கேம்பிரிட்ஜ், கலிபோர்னியா என்று போனவர். அவர் நூலுக்கு முன்னுரை எழுதியவர் சாக்ஸ். ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். சாக்ஸ் பார்த்து வியக்கும் இடத்தில் ராமச்சந்திரன் சின்னதாக ஒரு சோதனை செய்து பார்ப்பார். காதைச் சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சி, ஓர் அட்டைப்பெட்டி, ஒரு கண்ணாடி. ஆய்வுக்கூடம் அவ்வளவுதான்.

கையை இழந்த ஓர் இளைஞரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொடுகிறார். 'என் கட்டைவிரலைத் தொடறீங்க' என்கிறார் அவர். மூளைப் புறணியில் உடலின் வரைபடம் ஒன்று உண்டு. அதில் கைக்கான இடத்தின் பக்கத்தில் முகத்துக்கான இடம் இருக்கிறது. கையிலிருந்து செய்தி வராமல் போனதும், பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப்போடுவது போல, முகம் அந்தக் காலியிடத்தை எடுத்துக்கொள்கிறது. இது ராமச்சந்திரனின் விளக்கம். இல்லாத கை இறுக்கி மூடியபடி வலிக்கிறது என்று சொன்னவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி. இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிகிறது. இருக்கும் கையை விரித்தால் இல்லாத கையும் விரிகிறது. சிலருக்கு வலி குறைந்தது. இதைவிட மலிவான, அழகான பரிசோதனையைக் கற்பனை செய்வது கடினம்.

இங்கேதான் வேறொரு கிளை குறுக்கே வருகிறது. பிரிட்டனில் டமார் மேக்கினின் குழு எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியால் கையிழந்தவர்களின் மூளையைப் பார்த்தது. மாயக்கையை அசைக்கச் சொன்னபோது, பழைய கைக்குரிய பகுதி இயங்கியது. நிலம் பறிபோகவில்லை. அதிகம் வலி உள்ளவர்களிடம் அந்தப் பகுதி நன்றாகவே பாதுகாக்கப்பட்டிருந்தது என்பது அவர்களின் 2013ஆம் ஆண்டு முடிவு. 2025இல் வெளியான ஆய்வில் அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் மூன்று பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். கை போன பிறகும் கையின் வரைபடம் பெரிதாக மாறவில்லை, முகம் படையெடுத்து வரவும் இல்லை.

அப்படியானால் அந்த இளைஞர் கன்னத்தில் விரலை உணர்ந்தது பொய்யா? இல்லை. அவர் உணர்ந்தது உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் ஆட்டம் காண்கிறது. இந்த வேறுபாட்டை 1998இன் நூல் நமக்குச் சொல்ல முடியாது, அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இன்றும் அந்தக் காரணத்தை முடிந்துபோன விஷயமாக மேடையில் சொல்பவர்களைக் குறை சொல்லலாம். ராமச்சந்திரனின் நடையிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது. அவர் ஒரு யூகத்தைச் சொல்லும்போதே அது நிரூபணமானது போலத் தொனிக்கும். 'இது என் ஊகம்' என்று நேர்மையாக எழுதியிருப்பார். வாசகருக்கு அந்த வரி மறந்துபோகும், கதை மட்டும் தங்கும்.

கேண்டல்: ஒரே விஷயம், பல கிளைகள்

எரிக் கேண்டல் 1929இல் வியன்னாவில் பிறந்த யூதர். அவர் நூல் தொடங்குவது 1938 நவம்பரில். ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்த நீல நிற பொம்மைக் கார். இரண்டு நாள் கழித்து வீட்டுக் கதவு இடிபடுகிறது, நாஜிக் காவலர்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த இடிச்சத்தம் ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது? அவருடைய ஆய்வு வாழ்க்கையின் கேள்வி இது. ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்தவர், உளப்பகுப்பாளராக விரும்பியவர், கடைசியில் ஒரு கடல் நத்தையிடம் போய்ச் சேர்ந்தார். ஏன் என்பதுதான் புத்தகம்.

அந்த நூலின் 'நினைவு' என்ற ஒற்றை விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நரம்பறிவியலின் கிளைகளை வரிசையாகப் பார்த்துவிடலாம். புத்தகத்துக்கு வெளியே இருப்பவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மருத்துவக் கிளை கேட்கும் கேள்வி: எது உடைந்தால் எது போகிறது? 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பக்கமும் காதுக்கு உள்புறமாக இருக்கும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. புதிய நினைவுகள் உருவாவதும் நின்றுபோனது. 2005இல் வந்த 'கஜினி' படத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறந்துபோகும் நாயகனைப் பார்த்திருக்கிறோம். மொலைசனிடம் பச்சை குத்திய குறிப்புகளும் இல்லை, பழிவாங்கும் வெறியும் இல்லை. அமைதியாக, நல்ல குணத்தோடு ஐம்பத்தைந்து வருஷம் வாழ்ந்தார். 2008இல் இறக்கும்வரை உலகுக்கு அவர் 'எச்.எம்.' மட்டும்தான்.

அறிதல் நரம்பறிவியல் கேட்பது: நினைவு ஒன்றா, பலவா? பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை தேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் முறைதான். கைக்கு நினைவிருக்கிறது, அவருக்கு இல்லை. சைக்கிள் ஓட்டும் நினைவும் நேற்றைய சாப்பாட்டின் நினைவும் ஒரே பெட்டியில் இல்லை என்பது இப்படித்தான் தெரிய வந்தது. மருத்துவர் பார்த்தது இழப்பை. அந்த இழப்புக்குள் இருந்த கட்டமைப்பைப் பார்த்தது இந்தக் கிளை. மில்னரின் இந்த வேலைதான் மூளையின் ஹிப்போகாம்பஸ் பக்கம் எல்லோரையும் திருப்பியது.

செல், மூலக்கூறு கிளை கேட்பது: நினைவு என்றால் அங்கே பொருளாக என்ன மாறுகிறது? கேண்டலும் முதலில் ஹிப்போகாம்பஸில்தான் தொடங்கினார். அங்கே இருக்கும் அணுக்களின் மின் இயல்பைப் பார்த்தால், மற்ற நரம்பணுக்களிலிருந்து பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் விஷயம் அணுவுக்குள் இல்லை, அணுக்களுக்கு இடையிலான இணைப்பில் இருக்கலாம். அதைப் பார்க்க எளிய விலங்கு வேண்டும். 'அப்ளீசியா' என்ற கடல் முயலைத் தேர்ந்தெடுத்தார். ஓடு வெளியே தெரியாத ஒரு பெரிய நத்தை. சுமார் 20,000 நரம்பணுக்கள், சில வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. அதன் நீர்க்குழலைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொடர்ந்து தொட்டால், 'இது ஒண்ணும் செய்யாது' என்பது போல இழுப்பது குறையும். வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால், வேகமாக இழுக்கும். ஒரு முறை அதிர்ச்சி கொடுத்தால் அந்த எச்சரிக்கை சில நிமிடம் நிற்கும். இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் நாள் கணக்கில் நிற்கும்.

கேண்டல் குழு கண்டது இது: குறுகிய கால நினைவில் ஏற்கனவே இருக்கும் இணைப்பு வலுக்கிறது. நீண்ட கால நினைவுக்குப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும், மரபணுக்கள் இயக்கப்பட வேண்டும், புதிய இணைப்புகளே முளைக்கின்றன. நினைவு என்பது உடலில் ஓர் உறுப்பு மாற்றம். 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காக.

நரம்பு உடற்கூறியல் கேட்பது: யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள்? இது பழைய கிளை. இத்தாலியின் கோல்ஜி 1873இல் வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையைக் கண்டார். ஆயிரக்கணக்கான அணுக்களில் சில மட்டும் கறுத்து முழு உருவமாகத் தெரியும். அதே சாயத்தை வைத்து ஸ்பெயினின் கஹால், ஓவியராக விரும்பி அப்பாவால் மருத்துவரானவர், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்று காட்டினார். எல்லாம் ஒரே வலை என்று கோல்ஜி கடைசிவரை நம்பினார். 1906இல் இருவரும் நோபலைப் பகிர்ந்துகொண்டபோதும் மேடையில் கோல்ஜி கஹாலின் கருத்தை எதிர்த்தே பேசினார். இன்று அதே வேலையை கணினிகள் செய்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் மனித மூளையின் நுண்ணிய வரைபடத் தொகுப்பை 'தரணி' என்ற பெயரில் 2024இல் யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. கஹாலின் வாரிசுகள் தரமணிப் பக்கமும் இருக்கிறார்கள்.

அணுக்கூட்டங்களை ஆராயும் கிளை, எலி நடமாடும்போது ஹிப்போகாம்பஸில் குறிப்பிட்ட இடத்துக்குக் குறிப்பிட்ட அணு துடிப்பதைக் கண்டது. ஜான் ஓ'கீஃப், 1971. வளர்ச்சிக் கிளை, மூன்று வயதுக்கு முந்தைய நாட்கள் ஏன் நமக்கு நினைவில் இல்லை என்று கேட்கிறது. கணக்கீட்டுக் கிளை, சிதறிய துணுக்கிலிருந்து முழு நினைவும் எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கணிதத்தில் எழுதப் பார்க்கிறது. ஜான் ஹாப்ஃபீல்டின் 1982ஆம் ஆண்டு மாதிரி அப்படிப்பட்டது. 2024இல் அவருக்குக் கிடைத்தது இயற்பியலுக்கான நோபல்.

'நினைவு' என்ற ஒரே சொல் ஒவ்வொரு கிளையிலும் வேறு பொருளில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஓரிடத்தில் அது ஒரு மனிதரின் வாழ்க்கை, ஓரிடத்தில் நட்சத்திரம் வரையும் கை, ஓரிடத்தில் ஒரு புரதம், ஓரிடத்தில் ஒரு சமன்பாடு.

படிகள் விட்டுப்போன ஏணி

இவற்றை வரிசையாக அடுக்கினால், புரதத்திலிருந்து மனிதர்வரை ஏறிப்போகும் ஏணி போலத் தோன்றும். அறிமுக நூல்கள் பலவும் அந்தத் தோற்றத்தைத்தான் கொடுக்கின்றன. ஏணியில் பல படிகள் இல்லை என்பதுதான் உண்மை நிலை.

ஓர் உருளைப்புழு இருக்கிறது, 'சி. எலிகன்ஸ்'. ஒரு மில்லிமீட்டர் நீளம், 302 நரம்பணுக்கள். யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்ற முழு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது. அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்றும் சொல்லிவிட முடியாது. இணைப்பு தெரிந்தால் போதாது. ஒவ்வொரு இணைப்பின் வலுவும், அதைச் சுற்றி மிதக்கும் வேதிப்பொருட்களும் சேர்ந்துதான் புழுவை நடத்துகின்றன.

2017இல் எரிக் ஜோனஸ், கொன்ராட் கோர்டிங் என்ற இருவர் ஒரு குறும்பு செய்தார்கள். பழைய வீடியோ விளையாட்டுகளை ஓட்டிய 6502 என்ற கணினிச் சில்லை எடுத்து, அதை ஒரு மூளையாகப் பாவித்து நரம்பறிவியலின் வழக்கமான முறைகளையெல்லாம் அதன்மேல் பிரயோகித்தார்கள். ஒவ்வொரு டிரான்சிஸ்டராகச் செயலிழக்கச் செய்தார்கள். சில டிரான்சிஸ்டர்கள் போனால் 'டாங்கி காங்' மட்டும் நின்றது. அப்படியானால் அவை 'டாங்கி காங் டிரான்சிஸ்டர்களா'? அபத்தம். அந்தச் சில்லை மனிதர்கள்தான் வடிவமைத்தார்கள், அது எப்படி வேலை செய்கிறது என்பது முழுசாகத் தெரியும். அப்படியும் இந்த முறைகள் அந்தப் புரிதலை எட்டவில்லை. 'இந்தப் பகுதி உடைந்தால் பேச்சு போகிறது, ஆகவே இது பேச்சின் இருப்பிடம்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குரங்கு நினைவுக்கு வரும்.

இன்னொரு குறும்பு 2009இல். கிரெய்க் பெனட்டும் நண்பர்களும் கடையில் வாங்கிய ஒரு செத்த சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர் என்ன உணர்கிறார்?' என்று கேட்டார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. பல்லாயிரம் இடங்களை ஒரே சமயம் சோதித்தால் சில இடம் தற்செயலாகவே ஒளிரும் என்பதைக் காட்டத்தான் இந்த விளையாட்டு. நாளிதழ்களில் வரும் வண்ண மூளைப் படத்தில் இருப்பது நேரடியான எண்ணமோ உணர்ச்சியோ அல்ல. இரத்த ஓட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கணக்குப் போட்டுத் தீட்டிய வண்ணம். அதன் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கும்.

கேண்டலை நான் முன்னிறுத்தும் காரணம் இந்த இடத்தில்தான். அவர் செவுளிலிருந்து பொம்மைக் காருக்கு ஒரே தாவலில் போய்விடுவதில்லை. எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டு, அடுத்த படிக்கு ஏன் இன்னொரு விலங்கு, இன்னொரு கருவி தேவை என்று காட்டுகிறார். அவரிடமும் குறை உண்டு. மூலக்கூறுகள்மேல் அவருக்கிருக்கும் நம்பிக்கை அளவு கடந்தது. பிராய்டின் கேள்விகளுக்கும் ஒருநாள் அங்கேயே விடை கிடைத்துவிடும் என்ற தொனி நூலின் கடைசிப் பகுதியில் ஒலிக்கிறது. விருதுகளின் கதைகளும் கொஞ்சம் நீளம். ஆனால் நம்பிக்கை எது, நிரூபணம் எது என்று வாசகரால் பிரித்துப் பார்க்க முடிகிறது. மற்ற இரண்டு நூல்களிலும் அந்தக் கோடு கதையின் அழகில் மறைந்துபோகிறது.

நமக்கு இதில் என்ன?

இலக்கியம் படிக்கிறவருக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாவல் படித்து அழுகிறோமே, அது ஏன் என்ற கேள்விக்கு 'மிரர் நியூரான்' என்ற பதிலை நம் மேடைகளில் கேட்டிருக்கிறேன், கட்டுரைகளிலும் பார்த்திருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் ரிசொலாட்டியின் குழு கண்டது, குரங்கு ஒன்று பொருளை எடுக்கும்போதும், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடிக்கிற சில நரம்பணுக்களை. அவ்வளவுதான். டி.என்.ஏ. உயிரியலுக்குச் செய்ததை இவை உளவியலுக்குச் செய்யும் என்று 2000இல் ராமச்சந்திரன் கணித்தார். பரிவு, மொழி, நாகரிகம், ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் அதுவே விளக்கம் என்றானது. கிரெகரி ஹிக்கோக் 2014இல் ஒரு முழு நூல் எழுதி அந்தக் கட்டடத்தைச் செங்கல் செங்கலாகப் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலான செங்கல்கள் கையோடு வந்தன.

'பாசமலர்' பார்த்து அம்மா அழுகிறாள், பக்கத்திலிருக்கும் மகன் கொட்டாவி விடுகிறான். இரண்டு பேர் மூளையிலும் இருப்பது ஒரே வகை அணுக்கள். அந்த வித்தியாசத்தை விளக்க அவள் அண்ணனைப் பற்றித் தெரிய வேண்டும், அந்தக் காலம் தெரிய வேண்டும், படத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிய வேண்டும். அதைத்தான் விமர்சனம் என்கிறோம். அந்த வேலையை ஓர் அணுவின் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது.

மேடைக்கு வெளியே விளைவு இன்னும் மோசம். 'நடுமூளையைத் தூண்டுகிறோம், பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும்' என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் வகுப்புகளின் துண்டறிக்கை எங்கள் தெருவுக்கும் வந்தது. நடுமூளை கண் அசைவு, சத்தத்துக்குத் திரும்புவது போன்ற வேலைகளைப் பார்க்கும் பகுதி. பிறந்ததிலிருந்து அது தூண்டப்பட்டுத்தான் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பது மூக்கோரத்து இடைவெளி வழியாக. கூடவே அவர்கள் கற்றுக்கொள்வது, அப்பா அம்மா சந்தோஷத்துக்காகப் பொய் சொல்வது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. என் பெரியப்பா பக்கவாதத்துக்குப் பிறகு 'அதான், அதான்' என்ற ஒரே சொல்லோடு நான்கு வருஷம் வாழ்ந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அவர் எதிரிலேயே பெரியம்மாவிடம், 'பாவம், புத்தி போயிடுச்சு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் விளக்கேற்றியதும் அதே மனுஷர் திருப்புகழை அடி பிசகாமல் பாடுவார். ஊர் அதை முருகன் அருள் என்றது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த லெபோர்னும் அப்படித்தான். 'டான்' என்ற ஒலியைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஆனால் கேட்டது புரிந்தது, சைகையால் பதில் சொன்னார். அவர் இறந்தபின் மூளையைத் திறந்து, இடது முன்பக்கத்தில் இருந்த சேதத்தைப் புரோக்கா காட்டினார். பேசுவதும் புரிந்துகொள்வதும் வேறு வேறு, பேச்சு போனாலும் பாட்டு தங்கலாம் என்பதெல்லாம் அதன் பிறகு, பலர் பல நோயாளிகளிடம் பொறுமையாகச் சோதித்ததில் தெளிவானது. இந்த ஒரு தகவல் அந்த வீட்டுக்கு அன்று வந்திருந்தால், பெரியப்பாவின் எதிரில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆகவே தொடக்க வாசகருக்கு என் சிபாரிசு: கேண்டலின் நூலை முதலில் எடுங்கள். சுயசரிதைப் பகுதிகளை வேகமாகப் புரட்டினாலும் பரவாயில்லை, கடல் முயல் வரும் அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள். அடுத்து, எச்.எம்.மோடு பல்லாண்டுகள் பணிபுரிந்த சூசன் கார்கின் அவரைப் பற்றி எழுதிய 'பெர்மனண்ட் பிரசண்ட் டென்ஸ்'. ஒரு நோயாளியின் கதையை அவர் மனிதத் தன்மையும் குறையாமல், அறிவியலும் குறையாமல் எப்படிச் சொல்வது என்று அதில் பார்க்கலாம். அதன் பிறகு ராமச்சந்திரன், கடைசியில் சாக்ஸ். எந்தப் பக்கத்திலும் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் எந்த அளவில் நின்று பேசுகிறார், அணுவிலா, மூளைப் பகுதியிலா, மனிதரிலா? இது எப்படித் தெரிந்தது? இவரைத் தவிர வேறு யாராவது பார்த்தார்களா?

தமிழில் இந்தத் துறையை எழுதப்போகிறவருக்கும் இதையே சொல்வேன். கதைகளைக் கொண்டுவாருங்கள், அவை இல்லாமல் யாரும் உள்ளே வரமாட்டார்கள். அந்தக் கதையைக் கண்டவர் கையில் அன்று இருந்தது பஞ்சுக் குச்சியா, வெள்ளி உப்பா, நுண்மின்முனையா என்பதையும் கூடவே எழுதுங்கள்.